ஆதாமின் மூளையும் ஜெரோமின் கழுத்தும்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதலாமாண்டு மாணவர்களுக்கு மூளைப் பாடம் தொடங்கும் வாரத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டுவார். “மேடம், இது உண்மையா?” திரையில், வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ‘ஆதாமின் படைப்பு’ இருக்கும். கடவுளையும் தேவதூதர்களையும் சுற்றிப் படபடக்கும் சிவந்த மேலங்கியின் விளிம்பில் யாரோ வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். பக்கத்திலேயே நடுவில் பிளந்த மனித மூளையின் படம். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். ஐந்நூறு ஆண்டு பழைய ஓர் ஓவியத்தை ஒரு பிள்ளை உற்றுப் பார்த்திருக்கிறது என்பதே சந்தோஷம்தான். ஆனால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர என்னால் முடிவதில்லை. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களுக்குள் உறுப்புகளைத் தேடும் இந்த ஆர்வத்தில் உண்மையான கண்டுபிடிப்புகளும் இருக்கின்றன, கண் தானாகக் கட்டிக்கொள்ளும் உருவங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு என்று நினைக்கிறேன்.

மேலங்கியில் மூளை தெரிகிறது என்று எழுதியவர் ஃபிராங்க் மெஷ்பெர்கர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர். 1990 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அவர் கட்டுரை வந்தது. வெறும் வெளிக்கோட்டோடு அவர் நிற்கவில்லை. கீழே தொங்கும் பச்சைத் துணி முதுகெலும்புத் தமனி, ஒரு தேவதூதனின் முதுகு மூளைப்பாலம், இன்னொருவரின் பாதம் பிட்யூட்டரி சுரப்பி என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். ஆதாமின் கண்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன, உயிர் வந்துவிட்டது. ஆகவே கடவுள் நீட்டும் விரலில் வருவது உயிர் அல்ல, அறிவு என்பது அவர் முடிவு. அழகான வாசிப்பு. இதைக் கேட்டபின் அந்த ஓவியத்தைப் பழையபடி பார்ப்பது கஷ்டம்.

அப்புறம் 2015இல் மேயோ மருத்துவமனையின் ஆய்விதழில் வேறொரு கட்டுரை வந்தது. அதே மேலங்கி பிரசவத்துக்குப் பிந்திய கருப்பை என்றது அது. பச்சைத் துணி? அப்போதுதான் வெட்டிய தொப்புள்கொடி.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்திக்கொள்வேன். ஒரே துணி ஒருவருக்குத் தமனி, இன்னொருவருக்குத் தொப்புள்கொடி. இரண்டு தரப்புமே உடலை நன்றாக அறிந்தவர்கள், இரண்டு தரப்பும் நேர்மையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு வடிவம் இரண்டுக்கும் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்றால், பொருத்தம் மட்டும் சாட்சியாகாது. அதே விதானத்தில், நிலத்தையும் நீரையும் பிரிக்கும் காட்சியில் கடவுளின் அங்கி சிறுநீரகத்தின் வடிவில் இருக்கிறது என்று 2000இல் எழுதிய காராபெட் எக்நோயன் ஒரு சிறுநீரக மருத்துவர். மைக்கேலாஞ்சலோ கல்லடைப்பால் அவதிப்பட்டவர் என்பது அவர் காட்டும் துணைக்காரணம். அவதிப்பட்டது உண்மைதான். ஆனால் அவர் கடிதங்களில் கல்லைப் பற்றிய புலம்பல் வருவது 1540களின் முடிவில். விதானம் வரைந்து முடித்தது 1512இல்.

மூளை விஷயத்தில் எனக்கு ஒரு தொழில்முறைச் சந்தேகமும் உண்டு. இதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் மூளை, கெட்டியாக, மடிப்பு மடிப்பாக, நடுவில் பிளந்தால் ஒவ்வொரு வளைவும் தெளிவாகத் தெரிகிற மூளை, ஃபார்மலினில் ஊறிய மூளை. ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தி இறுக்கும் என்று கண்டறிந்தது 1893இல். பதப்படுத்தாத மூளையை மண்டையோட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். கட்டித் தயிரைக் கவிழ்த்ததுபோல் தன் எடையிலேயே சரிந்து அகன்றுவிடும். அதைச் சுத்தமாக இரண்டாகப் பிளப்பது பெரும்பாடு. லியனார்டோ டா வின்சிக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரிந்திருக்கிறது. மூளைக்குள் இருக்கும் குழிவறைகளின் வடிவத்தைப் பிடிக்க அவர் மாட்டு மூளைக்குள் உருக்கிய மெழுகைச் செலுத்தி, இறுகியபின் திசுவை அகற்றிப் பார்த்தார். அவ்வளவு தந்திரம் தேவைப்பட்டது. மைக்கேலாஞ்சலோ வரைந்து இன்று எஞ்சியிருக்கும் உடற்கூறு வரைபடங்களோ பெரும்பாலும் தசையும் எலும்பும்தான். சிற்பிக்கு வேண்டியது அதுதானே. கைப்பேசியில் வரும் அந்தப் பாடப்புத்தக மூளையை 1511இல் ஓர் ஓவியர் மனத்தில் வைத்திருந்தார் என்று நம்ப எனக்கு இன்னும் ஏதாவது வேண்டும்: ஒரு வரைபடம், ஒரு கடிதம், அருகிலிருந்தவர் சொன்ன ஒரு வார்த்தை.

இன்னொரு காட்சி இதைவிடச் சிக்கலானது. ஒளியையும் இருளையும் பிரிக்கும் கடவுள். தலை பின்னால் சாய்ந்து தாடையின் அடிப்பகுதியும் தொண்டையும் நமக்குத் தெரிகின்றன. அந்தக் கழுத்து வினோதமானது. மேடும் பள்ளமுமாக, எந்த மனிதக் கழுத்திலும் இல்லாத முண்டுகளோடு இருக்கிறது. 2003இல் ஸ்வீடனைச் சேர்ந்த இருவர் அதைத் தைராய்டு வீக்கம், கழுத்துக்கழலை என்று எழுதினார்கள். 2010இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இயன் சக், ரஃபேல் தமார்கோ இருவரும் அதே முண்டுகளைக் கீழிருந்து பார்த்த மூளைத்தண்டு என்றார்கள். அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. உருவம் முழுவதிலும் வெளிச்சம் கீழே இடப்பக்கத்திலிருந்து சாய்வாக விழுகிறது. கழுத்தில் மட்டும் நேராக, சற்று வலப்பக்கமிருந்து விழுகிறது. மைக்கேலாஞ்சலோ போன்றவர் கவனக்குறைவாக இப்படிச் செய்வாரா?

செய்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வேலை எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரம். ஈரச் சுண்ணாம்புக் காரையில் அன்றன்றைக்குப் பூசிய பகுதி காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் திருத்த வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். ‘ஆதாமின் படைப்பு’க்கு இப்படிப் 16 நாள் பூச்சுகள் தேவைப்பட்டன. ஒளியைப் பிரிக்கும் கடவுளை அவர் ஒரே நாள் பூச்சில் வரைந்து முடித்தார். நான்கு ஆண்டு வேலையின் கடைசி ஆண்டு அது. படுத்துக்கொண்டு வரைந்தார் என்பது கதை. நின்றபடி, கழுத்தை அண்ணாந்தபடி, முகத்தில் வண்ணம் சொட்டச் சொட்ட வரைந்தார். தன் கழுத்தே கழலைபோல் வீங்கிவிட்டது என்று நண்பருக்குக் கவிதையாக எழுதி, ஓரத்தில் அண்ணாந்து நிற்கும் ஓர் உருவத்தையும் கிறுக்கி வைத்தார். அப்படிப்பட்ட ஒரு நாளில் கழுத்தின் வெளிச்சம் கொஞ்சம் பிசகியிருந்தால் அதை ரகசியம் என்று எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன்.

இந்த ரகசியக் கதைகளுக்கெல்லாம் அடித்தளமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. திருச்சபை பிணத்தை அறுக்கத் தடை விதித்தது, அதனால் ஓவியர்கள் தாங்கள் கண்டதை மறைத்து வைத்தார்கள் என்பது. இது என்னை மிகவும் உறுத்தும் விஷயம், ஏனென்றால் எங்கள் துறையின் வரலாறே இதில் தலைகீழாகிறது. இத்தாலியின் போலோன்யாவில் மோன்தினோ தே லூச்சி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாணவர்கள் முன்னிலையில் உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். தடை என்று காட்டப்படும் 1299ஆம் ஆண்டு ஆணையில் போப் எட்டாம் போனிஃபேஸ் கண்டித்தது வேறொன்றை: தூரதேசத்தில் இறந்தவரின் எலும்பை ஊருக்குக் கொண்டுவருவதற்காக உடலை வெட்டி வேகவைக்கும் வழக்கத்தை. 1482இல் மரணதண்டனை பெற்றவர்களின் உடலை அறுக்க ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுத்தவரும் ஒரு போப்தான், நான்காம் சிக்ஸ்டஸ். சிஸ்டைன் தேவாலயம் அவர் கட்டியது, அவர் பெயரைத் தாங்கியது. விதானத்தை வரையச் சொன்ன இரண்டாம் ஜூலியஸ் அவருடைய உறவுப் பையன். மைக்கேலாஞ்சலோ இளம் வயதில் உடல்களை அறுத்துப் படித்ததும் ஃபிளாரன்ஸின் சாந்தோ ஸ்பிரீத்தோ மடத்தில், அந்த மடத்தலைவர் கொடுத்த அனுமதியில். நன்றிக்கடனாக அவர் செதுக்கிக் கொடுத்த மரச்சிலுவை இன்றும் அங்கே இருக்கிறது.

எல்லாமே சுமுகமாக இருந்தது என்று சொல்லவில்லை. ரோமில் இருந்தபோது லியனார்டோவின் அறுவை வேலையைப் பற்றி ஒரு ஜெர்மன் கைவினைஞர் போப்பிடம் கோள் சொல்ல, மருத்துவமனைக் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. அது ஒரு பகை, ஒரு தனிப்பட்ட இடைஞ்சல். விதானத்தில் மூளையை ஒளித்து வைக்க வேண்டிய அளவுக்கான பொதுத்தடை அல்ல.

சரி, மருத்துவரின் கண் எப்போதுமே இல்லாததைத்தான் பார்க்கிறதா என்றால், இல்லை. அதே தேவாலயத்தின் பலிபீடச் சுவரில் ‘இறுதித் தீர்ப்பு’ இருக்கிறது, 1541இல் முடிந்தது. அதில், தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் புனித பர்த்தலமேயு ஒரு கையில் கத்தியும் மறு கையில் உரித்த தோலுமாக மேகத்தின் மேல் அமர்ந்திருக்கிறார். அந்தத் தோலில் ஒரு முகம் தொங்குகிறது, கோணிப்போய், கண் இருந்த இடம் குழிந்து. அது பர்த்தலமேயுவின் முகம் அல்ல. அவருக்கு வழுக்கைத் தலை, நீண்ட நரைத்தாடி. தோலுக்கோ கறுத்த தலைமுடி. அது மைக்கேலாஞ்சலோவின் சொந்த முகம் என்று 1925இல் ஒரு புத்தகமே எழுதியவர் ஃபிரான்செஸ்கோ லா காவா. அவர் ஒரு மருத்துவர். கலை வரலாற்றாளர்களில் பெரும்பாலோர் இன்று அதை ஏற்கிறார்கள்.

இது ஏன் நிற்கிறது, மூளை ஏன் தள்ளாடுகிறது? இங்கே வெளிக்கோட்டை வைத்து எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம் இருக்கிறது, அது தவறான முகமாக இருக்கிறது. மைக்கேலாஞ்சலோவின் உடைந்த மூக்கும் முகவெட்டும் வேறு படங்களிலிருந்து நமக்குத் தெரியும், ஒப்பிடலாம். தன் உடலைத் தானே கழற்றி எறிய வேண்டும் என்ற ஏக்கம் அவர் கவிதைகளிலும் வருகிறது. மூன்று திசையிலிருந்தும் வந்து ஒரே இடத்தில் சேர்கிறது.

ஒளித்து வைத்தது என்பதில் சந்தேகமே இல்லாத ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போக வேண்டும். இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். பட்டும் மென்மயிரும் உடுத்திய இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள், நடுவில் உலக உருண்டை, இசைக்கருவி, வானியல் கருவிகள். அவர்கள் காலடியில் தரையைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு நீண்ட கறை. நேராக நின்றால் அது என்னவென்றே புரியாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரை ஒட்டி நின்று சாய்வாகப் பார்த்தபோது எனக்கு அது சட்டென்று சுருங்கி மண்டையோடாக எழுந்தது; தூதர்கள் இருவரும் அடையாளம் தெரியாத வண்ணப் பட்டைகளாக நசுங்கிப் போனார்கள். கண்குழி, கன்ன எலும்பு, தாடை எல்லாம் சரியான விகிதத்தில். அந்தக் கோணத்தைத் தவிர வேறெங்கிருந்தும் அது மண்டையோடு ஆகாது. ஹோல்பைன் துணைக்கு வேறு தடயங்களும் வைத்திருக்கிறார். இடப்பக்கம் நிற்கும் ழான் த தேந்த்வீலின் தொப்பியில் குத்தியிருக்கும் சின்னத்தில் இன்னொரு குட்டி மண்டையோடு. மேலே இடது மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை. ஒளிக்கிறவர் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று நினைத்தால் இப்படித்தான் ஒளிப்பார்.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானது லியனார்டோவின் ‘வனாந்தரத்தில் புனித ஜெரோம்’. வத்திக்கான் ஓவியக்கூடத்தில் இருக்கிறது, முற்றுப்பெறாத படம். வால்நட் பலகையில் பழுப்பு நிறக் கீழ்ப்பூச்சோடு நின்றுவிட்டது. சிங்கம் வெறும் கோடுதான். எப்போதோ யாரோ ஜெரோமின் தலையை மட்டும் பலகையிலிருந்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஒட்டிய தடம் இன்றும் தெரியும். தலைத் துண்டு ஒரு செருப்புத் தைப்பவர் கடையில் உட்காரும் பலகையாகக் கிடந்தது என்றொரு கதையும் உலவுகிறது. கண்டிப்பாகத் தெரிவது, அறுபட்ட அந்தத் துண்டுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கழுத்து இருக்கிறது என்பது.

உங்கள் முகத்தை இடது தோளை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். வலது கையால் கழுத்தின் வலப்பக்கத்தைத் தடவினால் காதுக்குப் பின்னாலிருந்து முன்னால் இறங்கிவரும் ஒரு தசை விறைத்து நிற்கும். விரலை அப்படியே கீழே கொண்டு வாருங்கள். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கயிறுபோல் உருண்டு மார்பெலும்பில் போய் முடிவது ஒரு கிளை. அதற்குச் சற்று வெளியே, தட்டையாக, காறையெலும்பில் போய் ஒட்டுவது இன்னொரு கிளை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணப் பள்ளம். கழுத்துச் சிரையில் ஊசி போடும் மருத்துவர்கள் இன்றும் விரலால் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான்.

ஜெரோமை லியனார்டோ 1480ஐ ஒட்டித் தொடங்கினார். 1490களில் அவர் வரைந்த உடற்கூறு வரைபடத்தில் இந்தத் தசை பக்கத்துக்கு ஒன்றாக, பிரிவில்லாமல் இருக்கிறது. 1510இல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்காந்தோனியோ தெல்லா தோர்ரேயோடு சேர்ந்து வேலை செய்த காலத்து வரைபடங்களில்தான் அது இரண்டாகப் பிரிகிறது. ஓவியத்திலோ இரண்டு கிளையும் சரியாக இருக்கின்றன. விண்ட்சர் அரண்மனையில் இருக்கும் லியனார்டோ வரைபடங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்ட்டின் கிளேட்டன் இதைக் கவனித்தார். இளம் வயதில் தொடங்கிய படத்தைச் சுமார் முப்பது ஆண்டு கழித்து, அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, லியனார்டோ திரும்ப எடுத்துக் கழுத்தைத் திருத்தியிருக்கிறார் என்பது அவர் வாதம். யாரும் காசு கொடுக்கக் காத்திருக்கவில்லை. படத்தை முடிக்கவும் இல்லை. கழுத்தை மட்டும் சரிசெய்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மீது பெரிய மரியாதை வருகிறது. மறைந்திருக்கும் உடற்கூறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்: இரண்டு தசைக் கிளைகளுக்குள் முப்பது ஆண்டு படிப்பு இருக்கிறது.

அந்தப் படிப்பு யாருடைய உடலில் நடந்தது? இதை நாம் கேட்பதே இல்லை. 1507-08 குளிர்காலத்தில் ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு கிழவரோடு லியனார்டோ பேசிக்கொண்டிருந்தார். நூறு வயது தாண்டிவிட்டது, பலவீனம் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார் கிழவர். சில மணி நேரத்தில், படுக்கையில் உட்கார்ந்தபடியே, எந்த அசைவும் இல்லாமல் இறந்துபோனார். இவ்வளவு இனிய சாவு எதனால் வந்தது என்று பார்க்க அந்த உடலை அறுத்தேன் என்று லியனார்டோ குறிப்பேட்டில் எழுதுகிறார். உள்ளே தமனிகள் தடித்து, உள்வழி குறுகி, நெளிந்து கிடந்தன. கல்லீரல் சுருங்கியிருந்தது. தமனி அடைப்பைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தெளிவான விவரணைகளில் அது ஒன்று. கிழவரின் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை. மைக்கேலாஞ்சலோவுக்கு உடற்கூறியலாளர் ரியால்தோ கொலம்போ அனுப்பிவைத்த உடல் மிக அழகான உடல்வாகு கொண்ட மூர் இன இளைஞருடையது என்று மைக்கேலாஞ்சலோவின் வாழ்க்கையை எழுதியவர் குறிப்பிடுகிறாரே, அந்த இளைஞருக்கும் பெயர் இல்லை. எங்கள் கல்லூரி மேசைக்கு வரும் உடல்களில் மனமுவந்து தானம் கொடுத்தவர்கள் உண்டு. யாரும் தேடி வராமல் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. முதல் நாள் மாணவர்கள் கைகூப்பி உறுதிமொழி எடுக்கும்போது நான் அந்த ஃபிளாரன்ஸ் கிழவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். சிஸ்டைன் விதானத்தில் திரும்பி நெளியும் அத்தனை இளைஞர்களின் தோளும் விலாவும் அப்படிப்பட்டவர்களிடம் கற்றவைதான்.

கடைசியாக ஒன்று, இது ஓவியம் அல்ல, சிலை. ஆனாலும் விட மனமில்லை. 1501க்கும் 1504க்கும் இடையில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீதின் கழுத்தில், வலப்பக்கம், காறையெலும்புக்கு மேலே ஒரு சிரை புடைத்து நிற்கிறது. நிற்கிற ஒருவருக்குச் சாதாரணமாக அந்தச் சிரை தெரியாது. தெரிந்தால் இதயம் திணறுகிறதா என்று சோதிப்போம். தாவீதுக்கு அப்படி நோய் எதுவும் இருக்க முடியாது. திடகாத்திரமான இளைஞன், கோலியாத்தை எதிர்கொள்ளப் போகிறான், உடல் முழுவதும் விறைத்திருக்கிறது. அந்த நேரத்தில் சிரை புடைக்கத்தான் செய்யும். இரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி புத்தகம் போட்டது 1628இல். காரணம் என்னவென்று உலகத்தில் யாருக்கும் தெரியாத காலத்தில் மைக்கேலாஞ்சலோ அதை உயிருள்ள ஒரு கழுத்தில் பார்த்திருக்கிறார், பார்த்ததைக் கல்லில் வைத்திருக்கிறார். டேனியல் கெல்ஃப்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கண்டு இதயவியல் ஆய்விதழில் எழுதியது 2019இல்தான். அத்தனை காலமும் அது வெளிச்சத்தில், ஐந்து மீட்டர் உயரச் சிலையில், எல்லோருக்கும் முன்னால் இருந்தது. ஃபிளாரன்ஸின் அக்காதெமியா காட்சிக்கூடத்துக்குப் போகிறவர்கள் நேர் முன்னால் கூட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். தாவீது முகத்தை இடப்பக்கம் திருப்பியிருக்கிறான், அதனால் கழுத்தின் வலப்பக்கம்தான் விரிந்து தெரியும். அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து நின்று பாருங்கள்.